பட்டப்பகலில் மின்னல் பிடித்தவர்

எண்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்து, கடல் தாண்டி மலாய்க்காரர் நாட்டில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நான் வந்து நாலு வருடமாகியிருந்தது. கல்யாணப் படம் பழசாகிவிட்டதாம். இப்போது எப்படி இருக்கிறேன் என்று பார்க்க அம்மா ஒரு படம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் கேமரா இல்லையா? இருந்தது. என் கணவருக்கு அதை விட்டால் வேறு உலகமே கிடையாது. ஆனால் மகாராசா மின்னலை மட்டும்தான் எடுப்பார். அதுவும் பகல் மின்னலை.

"ராத்திரியில எவன் வேணும்னாலும் எடுப்பான். ஷட்டரைத் திறந்து வச்சிட்டுக் காத்திருந்தா போதும். பகல்ல அப்படி வச்சா படம் வெள்ளையாப் போயிடும் லா."

ஆகவே ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. வெளிச்சத்தை மெதுவாக வாங்குகிற ஃபிலிம். லென்ஸின் துவாரத்தை முடிந்தவரை சிறிதாக்கி, அதற்கு மேல் ஒரு கறுப்புக் கண்ணாடி. முக்காலி. கை பட்டால் கேமரா ஆடுமாம், பொத்தானை அமுக்க ஒரு நீள வயர். ஷட்டர் அரை வினாடி திறந்து மூடும்; மின்னல் தயவுசெய்து அதற்குள் வந்துவிட வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டு அமுக்கினால் அது போயே போயிருக்கும். அதனால் பங்சார் பக்கம் வானம் கறுத்தால் போதும், மனுஷர் பின்வாசலில் நின்று விடாமல் அமுக்கி ஒரு ரோலையே தீர்த்துக்கட்டுவார். கழுவி வந்தால் அத்தனையும் மேகம். "மேகமும் வடிவுதானே" என்று ஆறுதல் சொன்னால் கோபம் வேறு வரும்.

"இஞ்சருங்கோ, கடைசிப் படத்திலையாவது என்னை எடுங்கோவன். அம்மா பாவம்."

"கடைசியிலதான் லா அது வரும்!"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த மின்னல் வந்தேவிட்டது. மழை கொட்ட, கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். உதவிக்கு வருவார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பின்வாசலிலிருந்து கூச்சல்தான் வந்தது: "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!"

படம் கழுவி வந்தது. மின்னல் நரம்பு நரம்பாக, அவ்வளவு தெளிவு. கீழே, கொடியருகில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அதுதான் நான்.

"நீ ஓடினே, அதான். அரை செகண்ட் சும்மா நிக்க முடியாதா? மின்னலே எவ்ளோ நல்லா வந்திருக்கு பாரு!"

 இருந்தாலும் இந்த நாட்டில் நான் விழுந்த ஒரே படம் அதுதானே என்று அம்மாவுக்கு அனுப்பினேன். பதில் எழுதினாள்.

"படம் நல்ல வடிவு, பிள்ளை. மருமகன் கெட்டிக்காரன். ஆனா அதிலை நீ எங்கை நிக்கிறாய்?"