படத்தில் விழாத நோ

நெஞ்சில் குமிழ் ஒட்டி ஈசிஜி எடுக்கிறவர்களே, உங்களுக்கும் தெரியும்: எங்கள் கட்டிலில் ஏறியதும் பாதி நோ ஓடிவிடும், மீதியை மெஷின் கண்டுகொள்ளாது.

அசையாமல் படுங்கோ

மன்னாரில் எங்கள் கிளினிக்குக்கு வங்காலையிலிருந்து ரீத்தா அக்கா பஸ்ஸில் வருவார். அறுபது வயது, தனியாள். ஒரே மகன் பிரான்சில். தண்ணீர் வாளி தூக்கி நாலடி நடந்தால் நெஞ்சை இறுக்கும், நின்றால் விட்டுவிடும். எல்லாருக்கும் சொல்வதுபோல், "அசையாமல் படுங்கோ" என்றேன். கோடு அழகாக வந்தது. அக்காவின் முகம்தான் வாடியது.

"உன்ரை கட்டிலிலை ஆருக்கு நோகும், பிள்ளை? வாளியையும் கொண்டு வந்திருக்க வேணும்."

யாழ்ப்பாணத்துப் படம்

நோ அதிகமானதும், அஞ்சியோகிராம் படம் எடுக்க யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். மகனும் வருவதற்குப் பயணச்சீட்டுப் பார்த்தாராம். படத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் எல்லாம் சுத்தம். அதை வாட்ஸ்அப்பில் பார்த்த மகன், "ஒண்டுமில்லை அம்மா, சும்மா யோசிக்காதேங்கோ" என்று பயணத்தை நிறுத்திவிட்டார்.

அடுத்த முறை ஈசிஜிக்கு வந்தபோது அக்கா இதைச் சொல்ல, நான் குமிழ்களைக் கழற்றினேன். வீட்டில் எனக்கும் பேச ஆளில்லை. அக்கா எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஒரு சின்ன அடைப்பெண்டாலும் இருந்திருக்கலாம், என்ன?"

நோய்க்குப் பெயர் கிடைத்தது

வாளிக் கதையை டொக்டரிடம் நானே சொன்னேன். அவர் அக்காவைக் கதிரையில் இருத்தி விளக்கினார். இதயத்துக்குள் மயிரிலும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. வேலை செய்யும்போது அவை விரிந்து கூடுதல் இரத்தம் விடவேண்டும். பல வருடச் சீனி வருத்தம், பிறஷர், மாதவிடாய் நின்றபின் உடம்பில் வரும் மாற்றம், ஓயாத கவலை, சிலருக்குப் புகைபிடித்தல் எல்லாம் அவற்றைக் கெடுக்கும். பிறகு அவை சரியாக விரியாது, நெஞ்சு இறுக்கும். அஞ்சியோகிராமில் அவ்வளவு சின்னக் குழாய்கள் தெரியாது. அதற்குக் குளிசை மருந்து இருக்கிறது, சீனியையும் பிறஷரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

அக்காவுக்குப் பெரிய சந்தோசம். நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வாங்கி, மகனுக்கு அனுப்பினார். அடுத்த கிளினிக்கில், "மகன் என்னவாம் அக்கா?" என்றேன்.

"'அப்ப அது தெரியிற படத்தை அனுப்புங்கோ அம்மா' எண்டு நிக்கிறான்."

நோய் இருக்கக்கூடாதென்று நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்கும், இருந்தால் நல்லதென்று வருகிறவர்களுக்கும், எங்களிடம் இருப்பது அந்த ஒரே மெஷின்தான்.