சித்தியின் தண்ணீர்க் கணக்கு

எனக்கு ஒன்பது வயதானபோது, கோலார் தங்கவயல் ஊரிகத்தில், பெரியம்மாவின் சுரங்க லைன் வீட்டில் ஒரே அறையில் இரண்டு பிள்ளை பெற்றவர்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் அம்மா, இன்னொருவர் சித்தி. இருவருக்கும் ஆபரேஷன்தான். அம்மாவுக்கு முன்பே நாள் குறித்திருந்தார்கள். ஜோசியரிடம் நல்ல நேரம் கேட்டு, துணிமணி எடுத்துவைத்து, பூ வைத்துக்கொண்டு போனார். சித்திக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வலியெடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் ஆம்புலன்சில் கோலாருக்குக் கொண்டுபோய் அவசரமாக அறுத்தார்கள்.

வீட்டில் சட்டம் பெரியம்மாவுடையது. "தண்ணி குடிச்சா தையல் சீ புடிச்சிக்கும்." ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் வெந்நீர். கணக்கு வைக்கும் வேலை எனக்கு. பள்ளி நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி என்று எழுதினேன். அதைவிடப் பெரிய பதவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அம்மா சீக்கிரமே எழுந்து நடமாடினார். சமையலறையில் சொம்போடு குடித்துவிட்டு, "இத எழுதாதடி" என்று கண்ணடிப்பார். சித்தியால் சுவரைப் பிடித்துக்கூட எழ முடியவில்லை. ஒரே ஆபரேஷன், ஒரே பத்தியம், இவருக்கு மட்டும் என்ன சோம்பல் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் சித்தியின் உதடு வெடித்திருந்தது.

"ஒரே ஒரு வாய் குடுடி கண்ணு. நாக்கு ஒட்டிக்குது."

"மூணும் ஆயிடுச்சி சித்தி. வேணும்னா பாருங்க."

நோட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சித்தி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்கு வந்த நர்சம்மா, சித்தியின் நெற்றியில் கை வைத்ததும் அதட்டினார்.

"இன்னாம்மா, உடம்பு இப்டி கொதிக்குது, வாயெல்லாம் காஞ்சி கீது. தண்ணி குடுக்கறீங்களா இல்லியா?"

"மூணு டம்ளர்" என்றேன், பெருமையாக.

"தையலுக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்? வலியில கெடந்து அப்புறம் அறுத்த உடம்பு. இன்னும் ஜாஸ்தி பாத்துக்கணும். ஆட்டோவ கூப்புடுங்க."

கணக்குக்கு மேல் ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே தையலில் சீழ் கட்டியிருந்தது.

ஒன்பது நாள் கழித்துச் சித்தி திரும்பினார், பாதி உடம்பாக. கூட வந்த சித்தப்பா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"காய்ச்சல்ல கெடந்தவளுக்கு தண்ணி குடுக்காதது யாரு? எனக்கு இப்பவே தெரியணும்."

பெரியம்மா அடுப்பைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சித்தி என்னைப் பார்த்தார்.

"யாரும் இல்லீங்க. நான்தான் கேக்கல."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. காய்ச்சலில் சித்திக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.