எல்லோருக்கும் முன்னால் போட்ட புதிய பதிப்பு

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். வாடிக்கையாளர் தன் புகாரைப் பதிவு செய்யும் திரை. சின்ன வேலைதான். ஆனால் அது ஒழுங்காக ஓடினால்தான் இந்த புராஜெக்டில் நான் இருப்பேன் என்பதை டீம் லீட் சொல்லாமல் சொல்லியிருந்தார். எழுதி முடித்திருந்தேன்; அன்று மதிய மீட்டிங்கில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

முந்தின நாள் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாங்கள் கோட் எழுதும் கருவிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, எல்லோரும் மாறிக்கொள்ளுங்கள் என்று. விடுப்பில் இருந்தபோது எவ்வளவு மாறிப்போனதோ என்கிற பயம் எனக்கு. இதிலாவது பின்தங்கக் கூடாது என்று காலையிலேயே போட்டுவிட்டேன். காட்ட வேண்டிய நாளில் எதையும் தொடக் கூடாது, புராஜெக்டைத் தனியாக ஒரு பிரதி எடுத்து அதில்தான் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் செய்தியில் ‘எல்லோரும்’ என்று இருந்ததே.

பக்கம் திறக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. முன்பு என் பக்கத்து இருக்கையில் இருந்த தம்பிக்கு போன் செய்தேன்.

“அய்யோ அக்கா, நெஜமாவே போட்டுட்டீங்களா?”

“எல்லாரும் போடச் சொன்னாங்களேப்பா.”

“யாராவது ஒருத்தர் போட்டு அடி வாங்குவாங்க, அதப் பாத்துட்டுத்தான் நாம போடுவோம். மறந்துட்டீங்களா? லீட் சாரே இன்னும் போட்டிருக்க மாட்டாரு.” சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு வழி சொன்னான். பழைய பதிப்புக்கே திரும்பி, எந்த லைப்ரரிக்கு எந்தப் பதிப்பு என்று குறித்திருக்கும் பழைய லாக் ஃபைலை எடுத்து வைத்து, லைப்ரரி ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் நெட்டிலிருந்து இறக்கி மறுபடி இன்ஸ்டால். “பத்து நிமிஷ வேலைக்கா.”

சென்னை ஆபீசில் பத்து நிமிடம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் மனைப்பிரிவுக்கு இன்னும் நெட் கேபிள் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் வயல். என் போனின் ஹாட்ஸ்பாட்தான் எனக்கு ஆபீஸ். ஃபோல்டரை அழித்த பிறகுதான் இன்ஸ்டால் நகராமல் நிற்பதைக் கவனித்தேன். போன் சமையலறையில் மாமியார் கையில் இருந்தது. அதில் பாட்டு ஓடினால்தான் பாப்பா வாய் திறப்பாள். அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது.

“அத்தை, போன் வேணும்.”

“இரும்மா, ரெண்டு வாய்தான். இப்ப புடுங்குனா துப்பிடும்.”

“ஆபீஸ் வேலை நின்னுபோச்சு அத்தை.”

“வூட்டுலயே குந்திக்கினு கீற. அது எப்பிடி நின்னுபோவும்?”

வாங்கினேன். பாப்பா துப்பினாள், அழுதாள். “இன்னா அவசரமோ, புள்ளைய விட” என்று அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். கூடுதல் டேட்டா போட்டேன். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றது. மொட்டைமாடிக்கு ஏறினேன், அங்கேயும் அதே கோடுதான். லைப்ரரிகள் பாதி டவுன்லோட் ஆனபோது மீட்டிங் நேரம் வந்துவிட்டது. மீட்டிங்கில் சேர்ந்தால் இன்ஸ்டால் நிற்கும். சேராவிட்டால் நான் வரவில்லை என்று ஆகும். இன்ஸ்டாலை நிறுத்திவிட்டுச் சேர்ந்தேன்.

“ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்கம்மா.”

“சார், என் சிஸ்டத்துல இப்ப ஓடல. புது வெர்ஷன் போட்டேன்...”

“இன்னிக்கா?” யாரோ மைக்கை அணைக்காமல் சிரித்தார்கள்.

“சார், அக்கா நேத்து ஏத்துன கோட் என்கிட்ட இருக்கு. நான் ஓட்டிக் காட்டவா?” என்றான் தம்பி.

காட்டினான். எனக்குப் படம் வரவில்லை, குரல்கள் மட்டும் கேட்டன. நன்றாக ஓடியிருக்க வேண்டும், ‘சூப்பர்’ என்றார்கள்.

“அப்போ இத நீங்களே பாத்துக்கங்க” என்றார் லீட் அவனிடம். “பாவம், அவங்க கைக்குழந்தைய வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறாங்க. கொஞ்ச நாள் டெஸ்டிங்ல இருக்கட்டும்.”

கனிவாகத்தான் சொன்னார். குழந்தையால் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையிலேயே அவளால் இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். “தேங்க்யூ சார்” என்றேன்.

“சாரிக்கா, நான் இப்படி ஆகும்னு நெனக்கல” என்று தம்பி தனியாக எழுதியிருந்தான். பரவாயில்லை என்று பதில் போட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி அவன் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுத ஆரம்பித்தேன். பெரிய படத்தை இணைத்தால் எங்கே திணறும், எந்த வரியைத் தொட்டால் வேறு எது கெடும் என்று ஒவ்வொன்றாக. எதையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி மறுபடி படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.