ராத்தா செய்யாமல் வந்த பரீட்சை

ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, நாங்கள் இரண்டு பெண்கள் மசாஜ் சிகிச்சை செய்துவந்தோம். மற்றவர் கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், என்னைவிட மூத்தவர். அவர்களுடைய முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து வேலை பழகி, பிறகு சேர்ந்தே வெளியே வந்தவர்கள் நாங்கள்.

வாசல் பலகையில் எங்கள் இருவரின் பெயருக்கும் கீழே "பெண்களுக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதியிருந்தோம். அப்படியிருந்தும் ஆண்கள் போன் எடுப்பார்கள். என்ன கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான் பட்டென்று வைத்துவிடுவேன். ராத்தா வைத்த பிறகும் போனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். கணவர் இறந்த பிறகு இந்த வேலையால்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய நானா, அதாவது அண்ணன், முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். எங்கள் தொழிற்சங்கத்தில் ராத்தாவுக்கு அங்கத்துவம் கிடைத்து, இது வைத்தியம் சார்ந்த வேலைதான் என்று தெரிந்த பிறகே மனம் இறங்கினார்.

அதனால், மசாஜ் செய்பவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்று புதிய விதிகள் வரப்போவதாகச் சங்கத்தில் சொன்னபோது, எங்களில் அதிகம் சந்தோஷப்பட்டவர் ராத்தாதான். கண்டபடி கடை திறக்கிறவர்களால்தான் நமக்கும் கெட்ட பெயர், இனி அது நிற்கும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அந்த விதிகள் தேவையில்லை என்று என்னால் சொல்ல ஏலாது.

விதிகளின்படி எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சித்தியடையாதவரைச் சங்கம் அங்கத்தவராக வைத்திருக்க முடியாது. நாங்கள் இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து படித்தோம். எழுத்துப் பரீட்சையில் இருவரும் சித்தி. செய்முறைப் பரீட்சை நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தின் மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் ஹோட்டல்களில் வேலை செய்யும் ஆண்கள். யார் யாருக்குச் சிகிச்சை செய்து காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார்கள். ராத்தாவுக்கு ஓர் இளைஞன் வந்தான். அவன் சேர்ட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

ராத்தா துவாயைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு பரீட்சகரிடம் போய், தான் பெண்களுக்கு மட்டும் செய்பவர், தயவுசெய்து ஒரு பெண்ணைத் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு ஒரு பெண்தான் வந்திருந்தாள். நான் எழும்பிப் போய், நாங்கள் மாறிக்கொள்கிறோம் என்றேன். பரீட்சகர் கெட்டவர் அல்ல. அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. ஒருவருக்கு மாற்றினால் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று விளக்கினார்.

"மேல இருந்து வந்தபடிதான் நான் செய்யலாம், அம்மா. எனக்கு வேற வழி இல்லை."

"பரவாயில்லை சேர்," என்றார் ராத்தா.

துவாயை நான்காக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். மண்டபம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாசலை நோக்கி நடக்க, நானும் பின்னால் போகப் பார்த்தேன். வாசலில் திரும்பி, இரு என்று கையால் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கை தன்பாட்டில் வேலை செய்தது. வெளியே வந்தபோது ராத்தா மதில் ஓரம் நின்று, எனக்காக வாங்கிய தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். சரியாகச் செய்தாயா என்று மட்டும் கேட்டார்.

நான் சித்தியடைந்தேன். ராத்தாவின் அங்கத்துவத்தை நீக்க வேண்டியிருப்பதாகச் சங்கச் செயலாளர் போனில் வருத்தப்பட்டுச் சொன்னார். பலகையில் அவருடைய பெயர் இருந்தால் என்னுடைய பதிவும் போகும் என்றார். பெயின்ற் பூச ஆள் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ராத்தாவே ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் தன் பெயருக்கு மேல் வெள்ளை பூசினார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானாவும் ஏசவில்லையாம். இனி வீட்டில் இரு என்று மட்டும் சொன்னாராம்.

சல்லிக் கிராமத்திலிருந்து தோள் இறுகிப்போன ஒரு மீனவப் பெண் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ராத்தாவின் கையில் மெல்ல மெல்லத் தேறி, தன் தலையைத் தானே வாரும் அளவுக்கு வந்திருந்தார். நான் செய்தபோதும் குறை சொல்லவில்லை. மற்ற அம்மா எப்ப வருவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. பெண் பரீட்சார்த்திகள் விரும்பினால் பெண்களுக்கே செய்து காட்டலாம் என்று விதியைத் திருத்தினார்கள். செய்தி கிடைத்த அன்றே பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். வழியிலுள்ள பாலத்தைக் கடக்கும்போது, ராத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ராத்தா குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். கடைகளுக்குக் கொடுக்கிறாராம். விரல்களில் ஆவி சுட்ட தழும்புகள். நான் சொன்னதை அடுப்பைக் குறைத்துவிட்டு முழுவதும் கேட்டார். நல்ல விசயம், இனி வரும் பிள்ளைகளுக்கு லேசு என்றார்.

"நீங்களும் வாங்கோ ராத்தா. எழுத்துப் பரீட்சை திரும்ப எழுதத் தேவையில்லையாம்."

அவர் தட்டிலிருந்த இடியப்பங்களைப் பெட்டியில் அடுக்கினார்.

"அண்டைக்கு எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க நான் நடந்து வந்தனான். அவங்க சட்டத்தை மாத்திட்டாங்க, சந்தோசம். எனக்கு அந்த வாசலால திரும்பப் போக ஏலா, தங்கச்சி."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் கண்ணைத் துடைத்தபோது என் வலது மணிக்கட்டைப் பார்த்தார். அது வீங்கியிருந்தது. தனியாகச் செய்வதால் வந்த வலி. ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே என் கையைத் தன் மடியில் வைத்து, கட்டைவிரலால் நரம்பைத் தேடி அழுத்தத் தொடங்கினார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும்வரை ராத்தா என் கையை விடவில்லை.