சுருட்டை முடி

முதல் பிள்ளையின் முகத்தைத் தனகோட்டி பார்க்கவில்லை. தன் கையால்தான் புதைத்தான். ஆனாலும் பார்க்கவில்லை.

சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிறதை வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. பொண்டாட்டி செல்லக்கிளி அத்தை மகள். நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போவாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் கரு நின்றது. 2012 ஆடியில் வலி கண்டது. கொடி சுற்றிக்கொண்டது, உடனே அறுத்து எடுக்கணும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆளையே மயக்கிப்போட்டு எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் தங்கவில்லை.

செல்லக்கிளிக்கு மயக்கம் தெளியவில்லை. அவள் அண்ணன் கொளஞ்சிநாதன்தான் அவசரப்படுத்தினான்.

"அது கண்ணு முழிச்சிப் பாத்தா தையல் பிரிய அழுவும் மச்சான். அதுக்குள்ள முடிச்சிட்டு வந்துடலாம். துணிய மட்டும் தெறக்காத. மூஞ்சியப் பாத்துட்டா மண்ணு தள்ள கை வராது."

துண்டில் சுற்றிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு கொளஞ்சியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனான். முந்திரித் தோப்போரம் குழி வெட்டினான். கரி வாரிப் பழகிய கைக்கு அந்தக் குழி ஒரு வேலையே இல்லை. துணியைத் திறக்காமலே மண்ணைத் தள்ளினான்.

திரும்பி வந்தபோது அவள் ஒருக்களிக்கக்கூட முடியாமல் மல்லாந்து கிடந்தாள். அழவில்லை.

"யாரு சாடை மாமா?"

என்னத்தைச் சொல்வான்? "ஒன் சாடைதான்."

"முடி இருந்திச்சா?"

"இருந்திச்சே. சுருட்ட சுருட்டயா."

வாயில் வந்ததைச் சொன்னான். அன்றோடு போய்விடும் என்று நினைத்தான். போகவில்லை. சோறு போடும்போது கேட்பாள். அவனும் காதுமடல் இப்படி, உதடு இப்படி என்று சேர்த்துக்கொண்டே போனான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சுருட்டை முடிச் சிறுமி எவளாவது எதிரே வந்தால், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருக்கிற செல்லக்கிளி அவன் முதுகைத் தட்டுவாள். "இந்த மாதிரியா மாமா?" "ம்" என்று மிதிப்பான்.

2017-இல் மறுபடி. ஏற்கெனவே கத்தி வைத்த வயிறு, இதுவும் ஆபரேஷன்தான் என்றார்கள். இந்த முறை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். பையன் வீறிட்டதை அவளே கேட்டாள். முகத்தருகே கொண்டுவந்து காட்டினார்களாம்.

வார்டில் கொளஞ்சி துண்டை விலக்கிப் பார்த்தான். "மூக்கு ஒன்னோடதுதான் மச்சான். பாவம் புள்ள!" சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போனான்.

தனகோட்டி எட்டவே நின்றான்.

"கிட்ட வந்து பாரு மாமா," என்றாள் செல்லக்கிளி. "இவனையாவது நல்லா பாத்துக்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீ துணியத் தெறக்கலன்னு அண்ணன் அப்பவே சொல்லிடிச்சி."

"தெரிஞ்சேவா இத்தினி வருசம் கேட்டுக்கினு இருந்த?"

"வேற யாரு மாமா அவளப் பத்திப் பேசுனாங்க? நான் கேட்டாத்தான் நீ பேசுவ."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையனைப் பார்த்தான். கோரை முடி, நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேல் கண்ணீர் மறைத்துவிட்டது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அவளுக்குச் சுருட்ட முடின்னியே, அடர்த்தியா இருந்திச்சா?"

தனகோட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"நல்ல அடர்த்தி," என்றான்.