சத்தத்தை அணைத்துவிட்டு டயல் செய்த நம்பர்

டக்கென்று ஒரு க்ளிக். பிறகு மூன்று பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டும்... திருப்பதி ஆபீஸில் என் காலை ஏழரை மணி இப்படித்தான் தொடங்கும்.

மாம்பழக்கூழ் கம்பெனி. புதிதாக டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் லைன் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் ATD என்று அடித்து நம்பரைக் கொடுத்தால், லைனில் மாட்டிய மோடம் பெட்டி சித்தூர், புத்தூர், பாகாலா டிப்போ மோடங்களைக் கூப்பிட்டு, முந்தின நாள் லோடு விவரத்தை வாங்கிவிடும். அந்த வித்தை தெரிந்தவன் ஆபீஸிலேயே நான் ஒருவன்தான். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது.

பெட்டியில் சின்ன ஸ்பீக்கர் உண்டு. மணி அடிப்பது, எதிர்ப்பக்கம் எடுப்பது எல்லாம் கேட்கும். எனக்கு ரேடியோ கேட்க வேண்டுமே! ATM0 என்று ஒரு கமாண்ட்... சத்தம் போச்சு.

பாகாலா மட்டும் சேரவே இல்லை. தினமும் மூன்று முறை டயல் ஆகும், மூன்று முறையும் ஸ்க்ரீனில் 'நோ கேரியர்', எதிரில் மோடம் கிடைக்கவில்லை என்று. டிப்போவைப் பார்த்துக்கொண்ட முனுசாமி அண்ணன், கால் வரவே இல்லை என்றார். ஆபீஸில் எல்லார் முன்னாலும் ஃபோனிலேயே எகிறினேன்.

"மோடத்த ஆன் பண்ணி வெக்கத் தெரியாதாண்ணா உனுக்கு?"

தப்பு தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டார், பாவம்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர், சத்தத்தை வைத்துப் பாரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வைத்தேன். பாகாலாவுக்கு டயல் ஆனது, இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டார்கள். மோடம் இல்லை. ஒரு அம்மா.

"சீனு... நீதானடா? பேசாட்டியும் பரவால்ல. துன்னியா? நைனா இனிமே உம்மேல கை வெக்கமாட்டாரு. வந்துடுடா. டெய்லி ஃபோனாண்டயே குந்திக்கினு கீறேன்."

கூப்பிடும் மோடம், எதிரில் இன்னொரு மோடம் கத்தும்வரை வாயே திறக்காது. ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கட் ஆகிவிடும். வீட்டை விட்டுப் போன மகன்தான் கூப்பிட்டுவிட்டுப் பேசத் தயங்குகிறான் என்று அந்த அம்மா மூன்று வாரமாக நினைத்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் இருந்த நம்பர் லிஸ்டைப் பார்த்தேன். பாகாலா நம்பரில் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. அடித்தது நான்.

சத்தமில்லாமல் மாற்றினேன். முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. எங்கேயோ லைன் கிராஸ் ஆகியிருந்தது சார் என்று மேனேஜரிடம் புளுகினேன். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சாதாரண ஃபோன் மேஜை மேலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "அம்மா, அது மெஷின், என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பிக்கையை உடைக்க மனசு வரவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என் தப்பு வெளியே தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். முனுசாமி அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று செல்போனே பெயர் காட்டுகிறது. பேசாத கால் வந்தால் வீட்டில் எல்லோரும் உடனே பிளாக் செய்துவிடுகிறார்கள். என்னால் முடிவதில்லை. அந்தப் பக்கம் வைக்கும்வரை காதிலேயே வைத்திருக்கிறேன்...

நான் நம்பரைத் திருத்திய மறுநாளும், ஏழரை மணிக்கு அந்த அம்மா ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்திருப்பார். அன்றிலிருந்து அவருடைய மகன் கூப்பிடவே இல்லை.