எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு

யார் என்னோடு நடந்தாலும் அவர்கள் என் வலப் பக்கம் வரும்படி சுற்றிக்கொண்டே இருப்பேன். பஸ்ஸில் இடது ஜன்னலோரம், கேன்டீனில் சுவரோர நாற்காலி. அது கிடைக்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. "ஒரு இடத்துல நில்லேன்டி" என்று தோழிகள் சலித்துக்கொள்வார்கள்.

ஆறாம் வகுப்பில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா தன் தங்கச் செயினைக் கழட்டி என் கழுத்தில் போட்டுவிட்டாள். வீக்கம் வற்றியது, இடது காது மட்டும் அதன் பிறகு கேட்கவில்லை.

வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. வெள்ளானூரில் எங்கள் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் திமிர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது கல்லூரி வேறு. அதனால் அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்திவிட்டது. எனக்கும் அதில் வருத்தமில்லை. 'செவுடு' என்று கேட்பதற்கு 'திமிரு' எவ்வளவோ மேல்.

கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து, பார்த்தால் தெரியாத குறைகளைப் பற்றிச் சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம். முத்தாபுதுப்பேட்டை பஸ் ஸ்டாப், பூந்தமல்லி மார்க்கெட் என்று கூட்டம் நிற்கிற இடமாகப் பார்த்து நிற்போம். வலிப்பைப் பற்றி ஒருத்தி பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளைப் பற்றி இன்னொருத்தி. காது என் பங்கு. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்று ஆரம்பிப்பேன். நன்றாகவே பேசுவேன், கைதட்டுவார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஏதோ குடைந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் பேசலாம் என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தியான ஆவடி குவார்ட்டர்ஸ் தோழி முடிவு செய்தாள். கேள்விப்பட்டதும் அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கிழம சென்னீர்குப்பத்துலேந்து உன்ன பொண்ணு பாக்க வர்றாங்க. வாயத் தொறந்து எதனா உளறின, அவ்ளோதான்."

"நான் என்னப் பத்தியா பேசறேன்?" என்றேன்.

அன்றைக்கு வரிசை நீளம். அம்மாவும் பையோடு நின்றாள். தெரிந்த முகங்களைப் பார்த்த வேகத்தில் எனக்கு வாய் தவறிவிட்டது. "எனக்குத் தெரிஞ்ச" என்பதற்குப் பதிலாக, "நம்ம ஊர்லயே ஒரு பொண்ணு, அவளுக்கு ஒரு காது கேக்காது" என்று தொடங்கிவிட்டேன்.

வரிசை விழித்துக்கொண்டது.

"நம்ம ஊர்லயா? யாருடி அது?"

"கோடி ஊட்டுப் பொண்ணா இருக்கும். தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினே கீறான், அது பாட்டுக்கு நட்ட நடுவுல நின்னுகினு இருந்துச்சே!"

"அதான் எந்நேரமும் காதுல எதையோ சொருகிகினு சுத்துதா? நான் பாட்டு கேக்குதுன்னுல்ல நெனச்சேன்."

தெருக்கோடி வீட்டுப் பெண் எண்ணெய்க் கேனோடு அங்கேயேதான் நின்றிருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அத்தையும் அதே வரிசையில். "எனக்கு நல்லா கேக்குது" என்று அவள் கத்தினாள்.

"நல்லா கேக்குறவளுக்கு இன்னாத்துக்குமா இம்மாங் கோவம்?" என்றது ஒரு குரல். சிரிப்பு. மாப்பிள்ளையின் அத்தை வரிசையை விட்டு நகர்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அது அவ இல்ல. நான்தான்."

இப்போது இன்னும் பெரிய சிரிப்பு. முன்னால் நின்ற பெரியம்மா, அப்பாவின் அண்ணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உனக்கா? உனக்குக் கீறது திமிரு. அதுக்கு டாக்டரு கெடையாது."

"நெஜமா பெரீம்மா. இடது காது சுத்தமா கேக்காது."

"படிச்ச புள்ள இல்ல, அவளக் காப்பாத்த கத வுடுது."

இத்தனை வருஷம் மறைத்ததை யாரும் நம்பவில்லை என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "வந்து எதுனா சொல்லிப் பாரு" என்றேன்.

பெரியம்மா வந்தாள். வெற்றிலை வாசனையோடு சூடான மூச்சு இடது கன்னத்தில் பட்டது. வேறொன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் முகத்துக்கு நேராக அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் விரலை எடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளிப் போனாள்.

மாப்பிள்ளையின் அத்தை போனைப் பைக்குள் போட்டாள். விட்ட இடத்துக்கே வந்து நின்று, கோடி வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து கேனை வாங்கி முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"பெரீம்மா இன்னா சொன்னா? நீ இன்னா சொன்ன?" என்று வழியெல்லாம் கேட்டேன். "உனக்கு எதுக்கு" என்றாள் அம்மா. தோழியிடம் கேட்டால், "விடு, உங்கம்மா பாத்துக்கிட்டாங்க" என்கிறாள்.

வீட்டுக்கு வந்து அரிசியை இறக்கி வைக்கக்கூட இல்லை, அம்மா சென்னீர்குப்பத்துக்கு போன் போட்டாள். "பொண்ணுக்கு ஒரு காது கேக்காதுங்க. சின்ன வயசுல போனது. தெரிஞ்சிகினு வர்றதுன்னா வாங்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "சரிங்க" என்று வைத்தாள். "சொல்லி அனுப்புறாங்களாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. வராவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான், எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டில் போன் அடித்தால் அம்மாவுக்கு முன்னால் நான் எழுந்துவிடுகிறேன்.